பத்து அங்குலத் திரையும் உயிர்விட்ட பேட்டரியும்

என் காருக்கு இரண்டு முறை டச் ஸ்கிரீன் செட் வாங்கியிருக்கிறேன். முதல் செட்டைக் கடையில் நின்றபடி தேர்ந்தெடுத்தேன். இரண்டாவதை என் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி தேர்ந்தெடுத்தேன். இரண்டுக்கும் நடுவில் பதினான்கு மாதமும் ஒரு பேட்டரியும் கொஞ்சம் மானமும் போயின.

காரோடு வந்தது சாதாரண செட். ரேடியோ கேட்கும், யுஎஸ்பி எடுக்கும், ப்ளூடூத்தில் போன் பேசலாம், அவ்வளவுதான். வழி பார்க்க வேண்டுமென்றால் போனைக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். வெயிலில் அந்த ஸ்டாண்டின் ரப்பர் இளகிவிடும். அப்புறம் நேரம் பார்த்து, சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில், போன் காலடியில் விழும். ஒருமுறை பிரேக் பெடலுக்கு அடியில் போய் விழுந்தது. அன்றைக்கே செட் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

கடையில் சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே வீடியோ, கடலுக்கடியில் வண்ண மீன்கள். அந்த மீன்களில் மயங்கி நான் எடுத்தது பத்து அங்குல ஆண்ட்ராய்டு செட். பெட்டியின் மேல் எட்டு கோர், 8 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 13, 1080பி, 4 x 60 வாட் என்று போட்டிருந்தது. “இதுல எல்லாமே இருக்கு சார்” என்றார் விற்பவர். எல்லாமே இருந்தது உண்மைதான். என் காருக்கு அதில் எது வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பொருத்தி முடித்து முதல் முறை உள்ளே உட்கார்ந்தபோதே ஒன்று கண்ணில் பட்டது. ஏசி காற்று வரும் நடு வாயில்களில் பாதியைத் திரை மறைத்துக்கொண்டு நின்றது. ஹசார்டு பொத்தானை அழுத்த விரலை வளைத்துத் திரைக்குப் பின்னால் விட வேண்டியிருந்தது. “பத்து அங்குலம் பிடிக்குமா” என்று நான் கேட்டிருந்தேன். பிடிக்கும் என்றார்கள். பிடித்துவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது.

டாஷ்போர்டில் செட் உட்காரும் குழிக்கு ஒரு பொது அளவு உண்டு. டின் என்ற ஜெர்மானியத் தரநிலையாகத் தொடங்கி, பின்னர் ஐஎஸ்ஓ 7736 என்று உலகத் தரமானது. அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ. என்றால் சிங்கிள் டின். அதே அகலத்தில் உயரம் 100 மி.மீ. என்றால் டபுள் டின். சில ஜப்பானியக் கார்களில் அகலம் 200 மி.மீ. இருக்கும். அதில் 180 செட்டைப் போட்டால் பக்கத்துக்கு 10 மி.மீ. சந்து விழும், பிளாஸ்டிக் பட்டை வைத்து மூடுவார்கள். டபுள் டின் குழிக்குள் அடங்குவது ஏறத்தாழ 7 அங்குலத் திரைதான். 9, 10 அங்குலம் வேண்டுமானால் இரண்டு வழி. குழியிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் மிதக்கும் திரை ஒன்று. அந்தக் கார் மாடலுக்கென்றே வார்த்த ஃப்ரேமில் பதிந்து உட்காரும் திரை இன்னொன்று. என்னுடையது முதல் வகை. மேடு பள்ளத்தில் திரை தலையாட்டும்.

இப்போது யாராவது கேட்டால், வாங்க நினைக்கும் திரையின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, அது நிற்கப்போகும் இடத்தில் ஒட்டி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் என்கிறேன். சிரிக்கிறார்கள். ஆனால் காற்றை மறைக்கிறதா, கியர் போடும்போது கை இடிக்கிறதா, சாலையின் ஓரத்தை விழுங்குகிறதா என்பதெல்லாம் அந்த அட்டை சொல்லிவிடும். குழியின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். செட் உள்ளே போகும், அதற்குப் பின்னால் வரும் வயர் கட்டுக்குத்தான் இடம் இருக்காது.

இன்னொன்று. கடையில் திரையை நேருக்கு நேர் நின்று பார்க்கிறோம். காரில் அப்படி ஒருநாளும் பார்ப்பதில்லை. பக்கத்திலிருந்து, சற்று மேலேயிருந்து, அதுவும் வெயில் அடிக்கும்போது பார்க்கிறோம். ஐபிஎஸ் பேனல் என்றால் சாய்வாகப் பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. மலிவான டிஎன் பேனல் வெளிறிப்போகும், அல்லது நிறம் தலைகீழாகும். அதனால் கடையில் திரைக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று பாருங்கள். குளிர்கண்ணாடி போடுகிறவராக இருந்தால் அதையும் போட்டுக்கொண்டு பாருங்கள். போலராய்டு கண்ணாடி வழியாகச் சில திரைகள் கறுப்பாகவே தெரியும், தலையைச் சாய்த்தால்தான் படம் வரும். எனக்கு இது நடந்தது, ஒரு நெடுஞ்சாலைப் பயணத்தின் நடுவில். பெட்டியில் இருந்த 1080பி கதையும் இங்கேதான் வெளுத்தது. அந்த செட் 1080பி வீடியோவைத் திறந்து ஓட்டும் என்றுதான் அதற்குப் பொருள். திரையில் இருந்த புள்ளிகள் 1024 x 600.

தொடும் முறையில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. அழுத்தினால் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் திரையை விட்டு, போனில் இருப்பதுபோன்ற கபாசிட்டிவ் திரையாக எடுங்கள்.

ஆனால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் குமிழ் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். என் பழைய செட்டில் அது இருந்தது. புதியதில் திரையின் ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு தொடு குறி. ஓடும் காரில், குலுங்கும் சாலையில், நீட்டிய விரல் அந்தக் குறியின் மேல் போய் உட்காருவதற்குள் கண் சாலையை விட்டு எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று முறை. குமிழ் என்றால் கை தானாகப் போய் நிற்கும், கண்ணுக்கு வேலையில்லை. ஸ்டியரிங்கில் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஓட்டுநருக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒலியைக் குறைக்க அதை எட்ட முடியாது. கார் பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடும் யூரோ என்கேப் அமைப்பே, இண்டிகேட்டர், ஹசார்டு, வைப்பர், ஹாரன் போன்றவற்றைத் திரைக்குள் ஒளிக்காமல் கையால் தொட்டறியும் தனிப் பொத்தானாக வையுங்கள் என்று 2026 முதல் கார் நிறுவனங்களை நெருக்குகிறது. ஒலிக் குமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. என் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

இனி பேட்டரி கதை.

செட் போட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். மூன்று நாள் காரை எடுக்கவில்லை. நான்காம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்துக் கிளப்பினேன். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். சரி என்று புதிது போட்டேன். மறுபடி ஒரு மூன்று நாள் விடுமுறை, மறுபடி டக் டக். செட்டைப் பொருத்திய இடத்தில் சொன்னேன். “பேட்டரி கம்பெனில கேளுங்க” என்றார்கள். பேட்டரி விற்றவரோ செட்டைக் கை காட்டினார். கடைசியில் வயதான ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் மீட்டரை எடுத்ததும்தான் வழி பிறந்தது.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், வீட்டிலேயே செய்யக்கூடியதுதான். காரை அணைத்து, சாவியைத் தள்ளி வைத்து, பானெட்டைத் திறந்துவைத்தார். ஓட்டுநர் கதவைத் திறந்தே வைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதுபோல ஆக்கினார். இல்லாவிட்டால் கார் விழித்துக்கொண்டே இருக்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து மாட்டினார். “இப்ப சாவிய மட்டும் போட்றாதீங்க தம்பி, மீட்டர் ஃபியூஸ் போயிடும்” என்றார். அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கப் போக அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும், உடனே பார்த்தால் தப்பான எண்தான் தெரியும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முக்கால் மணி கழித்து மீட்டர் 0.42 ஆம்பியர் காட்டியது. தூங்கும் கார் இழுக்க வேண்டியது பொதுவாக 0.05 ஆம்பியருக்குள். 0.42 என்றால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் மணி, மூன்று நாளைக்கு 30. என் பேட்டரி மொத்தமே 45. கிளம்பாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். செட்டின் ஃபியூஸை உருவியதும் எண் 0.03-க்கு இறங்கியது. “அண்ணே, செட்டுதான் திருடனா?” என்றேன். “செட்டு இல்ல, அது கூட வந்த பொட்டி” என்றார்.

அந்தப் பெட்டிதான் கேன் பஸ் டீகோடர். இன்றைய கார்களில் ஸ்டியரிங் பொத்தான், கதவு திறந்திருக்கிறதா என்ற தகவல், ரிவர்ஸ் விழுந்ததா என்ற செய்தி எல்லாம் தனித்தனி வயரில் வருவதில்லை. இரண்டு வயரில் எல்லாச் செய்தியும் ஓடும், அதுதான் கேன் பஸ். பல கார்களில் சாவி போட்டதைச் சொல்லும் ஏசிசி வயர்கூட செட்டின் கப்ளரில், அதாவது வயர்கள் சேரும் செருகியில், இருக்காது, அந்தச் செய்தியும் இந்த வழியாகவே வரும். வெளியிலிருந்து வாங்கும் செட்டுக்கு அந்த மொழி தெரியாது என்பதால் மொழிபெயர்க்க ஒரு சின்னப் பெட்டி கொடுக்கிறார்கள். என்னுடைய காருக்குக் கொடுத்தது அதே மாடலின் வேறு ஆண்டு வண்டிக்கானது. ஸ்டியரிங் பொத்தான்கள் வேலை செய்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அது கார் தூங்கும் நேரத்தில் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. பெட்டியின் கப்ளரை மட்டும் கழற்றியதும் எண் 0.06-க்கு வந்து நின்றது. அந்த மீதியும் வேகமாகத் திரை வர வேண்டும் என்பதற்காக செட் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருப்பதால் வருவது என்றார். செட்டிங்ஸில் அந்த அரைத் தூக்க நேரத்தைக் குறைத்துவைத்தோம். அது முதல் காலையில் திரை வர அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நான் ரிவர்ஸ் எடுத்து வீதிக்கே வந்துவிடுவேன்.

ஆகவே, வாங்கும்போது காரின் மாடலை மட்டும் சொல்லாதீர்கள். தயாரித்த ஆண்டு, வேரியன்ட், தொழிற்சாலையிலேயே ஆம்ப்ளிஃபயர் அல்லது கேமரா வந்ததா என்பது வரை சொல்லுங்கள். பொருத்திய மறுநாளே மேலே சொன்ன மீட்டர் சோதனையைச் செய்து பாருங்கள். இரண்டு மாதம் கழித்து யார் மேல் தப்பு என்று பஞ்சாயத்து வைப்பதைவிட அது சுலபம்.

டீகோடரைக் கழற்றியே விட்டதால் ஸ்டியரிங் பொத்தான்கள் இல்லாமல் ஆறு மாதம் ஓட்டினேன். அந்த எரிச்சலில்தான் செட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. செட்டிங்ஸ் பக்கத்தில் ஆண்ட்ராய்டு 13 என்று இருந்தது. உள்ளே இருப்பதை நேராகப் படித்துக் காட்டும் சிபியு-இசட் போன்ற ஓர் ஆப்பைப் போட்டுப் பார்த்தால் உள்ளே ஓடியது ஆண்ட்ராய்டு 10. ரேம் 8 ஜிபி என்று இருந்த இடத்தில் 2 ஜிபி. இது என் செட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்தில்லை. மலிவான பெயரில்லா செட்களில் செட்டிங்ஸ் பக்கம் காட்டும் எண்ணை மாற்றி எழுதிவிடுவது நெடுநாள் வழக்கம். கோர் எண்ணிக்கையும் ஒன்றும் சொல்லாது. எட்டுமே சின்ன கோராக இருக்கும் சிப்பும் உண்டு, யுனிசாக் யுஐஎஸ்7862 போல இரண்டு வலுவான ஏ75 கோரும் ஆறு சின்ன ஏ55 கோரும் கலந்த சிப்பும் உண்டு. பெட்டியில் இரண்டும் “எட்டு கோர்” என்றுதான் இருக்கும். ஆண்ட்ராய்டு செட்தான் வேண்டும் என்பவர்கள் சிப்பின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். காசு கொடுப்பதற்கு முன் ஓடும் செட்டில் வரைபடத்தைத் திறந்து, பின்னணியில் பாட்டை ஓடவிட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பாருங்கள். மீன் வீடியோ எந்தச் சிப்பிலும் அழகாகத்தான் ஓடும்.

வாட் கணக்கு இதைவிடச் சுவையானது. ஓடும் காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். சாதாரண செட்டுக்குள் இதை உயர்த்தித் தரும் ஏற்பாடு எதுவும் கிடையாது, தனியாக வாங்கும் ஆம்ப்ளிஃபயரில்தான் அது இருக்கும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.84. எல்லா பெட்டியிலும் நாம் பார்க்கும் 50 வாட் இங்கிருந்துதான் வருகிறது. அதுவும் ஒலி முழுக்கச் சிதைந்து சதுர அலையாகும் கட்டத்தில் வரும் எண். சிதையாத ஒலிக்கு அதில் பாதி, 26. சிப்பில் ஆகும் இழப்பையும் கழித்தால் சானலுக்கு 15 முதல் 20 வாட் சொச்சம். என் பெட்டியில் இருந்த 60 இயற்பியலையும் தாண்டிப் போயிருந்தது! பெயர் பெற்ற நிறுவனங்களின் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) என்றோ சிடிஏ-2006 (வாட் அளக்கும் பொதுத் தரநிலை) அளவீடு என்றோ போட்டு ஒரு சின்ன எண் இருக்கும். அதுதான் உண்மை எண், அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒலி நன்றாக வேண்டும் என்பதற்காக செட் மாற்றப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கலாம். கதவில் இருக்கும் தொழிற்சாலை ஸ்பீக்கரை மாற்றி, கதவுத் தகடு அதிராமல் உள்ளே டாம்பிங் ஷீட் ஒட்டினால் கிடைக்கும் மாற்றம், செட் மட்டும் மாற்றுவதைவிடப் பெரியது. செட்டில் பார்க்க வேண்டியது ஆர்சிஏ ப்ரீஅவுட், அதாவது தனி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அனுப்பும் இணைப்புகள். பின்னாளில் ஆம்ப் போடும் எண்ணம் இருந்தால் முன், பின், சப்வூஃபர் என மூன்று ஜோடி வேண்டும், 2 வோல்ட்டைவிட 4 வோல்ட் நல்லது. ஆழ்ந்த ஒலியை ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். சின்ன ஸ்பீக்கர்கள் தங்களால் முடியாத ஆழ்ந்த ஒலிக்கு மூச்சு வாங்குவதை நிறுத்தியதும் பாடகரின் குரல் தெளிகிறது.

ஆக, இரண்டாம் முறை. இந்தத் தடவை கடைக்குப் போகும் முன் காரில் உட்கார்ந்து, ஒரு வாரம் நான் என்னதான் செய்கிறேன் என்று நோட்டில் குறித்தேன். வழி பார்த்தல், பாட்டு, போன் அழைப்பு, ரிவர்ஸ் கேமரா, காலையில் ரேடியோ. அவ்வளவுதான் இருந்தது. பத்து அங்குலத்தில் வீடியோ பார்த்தது பதினான்கு மாதத்தில் இரண்டு முறை, இரண்டும் நின்றிருந்த காரில். ஓடும்போது வீடியோ வராமல் தடுக்கத்தான் செட்டில் ஹேண்ட்பிரேக் வயர் ஒன்று தருகிறார்கள். பொருத்துபவர்கள் கேட்காமலேயே அதை எர்த்தில் சேர்த்து அந்தத் தடையை எடுத்துவிடுவார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லி முறைப்படி இணைக்கச் சொன்னேன்.

நோட்டில் இருந்த எல்லாவற்றையும் என் போன் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. ஐபோன்களுக்காக 2014-இல் அறிவிக்கப்பட்ட கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு போன்களுக்காக அடுத்த ஆண்டு கார்களுக்கு வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோவும் செய்வது இதைத்தான். வேலை முழுக்க போனில் நடக்கும். செட் அந்தப் படத்தைக் காட்டி, விரல் பட்ட இடத்தைப் போனுக்குச் சொல்லும். செட்டுக்கு 8 ஜிபி ரேம் எதற்கு? போன் மாற்றும்போதெல்லாம் காரின் மூளையும் புதிதாகிறது. ஆண்ட்ராய்டு செட்டோ வாங்கிய அன்றைய மூளையோடு அப்படியே கிழடாகும், அப்டேட் வருவது அபூர்வம். இதை ஏற்காதவர்கள் உண்டு. காரிலேயே தனி சிம் போட்டு, போன் இல்லாமல் எல்லாம் ஓட வேண்டும் என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு செட்தான் சரி. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வாங்கியது 7 அங்குல டபுள் டின், 800 x 480 புள்ளிகள், பார்க்க எளிய செட். மீன் வீடியோவில் பக்கத்து செட்களிடம் தோற்றுவிடும். ஆனால் சாவி போட்டுச் சில நொடிகளில் தயாராகும், பெரிய குமிழ் உண்டு, கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் வயருடனும் வயர் இல்லாமலும் வேலை செய்யும். வயர்லெஸ் பற்றி ஒரு சொல். போனும் செட்டும் ப்ளூடூத்தில் கைகுலுக்கி, பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறும். ஆண்ட்ராய்டு 11-உம் அதற்குப் பின்பும் வந்த போன்களில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போதும். சின்னப் பயணத்துக்கு வசதி. நீண்ட தூரத்துக்கு நான் கேபிளையே மாட்டுகிறேன், போன் சூடும் குறைவு, சார்ஜும் ஏறும். அடிக்கடி தொடர்பு அறுந்தால் செட்டைத் திட்டும் முன் கேபிளை மாற்றுங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் ஆண்ட்ராய்டு ஆட்டோ வராது, நீளமான மலிவுக் கேபிளில் வந்து வந்து போகும்.

பொருத்தும் நாளில் பக்கத்திலேயே நின்றேன். நிபந்தனை இரண்டுதான். காரின் வயர் எதையும் வெட்டக்கூடாது, அந்தக் காருக்கான கப்ளர் போட்டுத்தான் இணைக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகே டாஷ்போர்டில் கை வைக்க வேண்டும், ஏர்பேக் வயர்கள் அங்கேதான் ஓடுகின்றன. செட்டின் பக்கம் வயர் நிறங்களுக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் 12 வோல்ட், கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல் முன் ஸ்பீக்கர்கள், பச்சை, ஊதா பின் ஸ்பீக்கர்கள், அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். காரின் பக்கம் இந்த வழக்கத்தை நம்பவே கூடாது, மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

ஆரஞ்சு நிற இல்யூமினேஷன் வயரை முதல் செட்டில் இணைக்காமலே விட்டிருந்தார்கள். ஹெட்லைட் போட்டால் திரை மங்க வேண்டும், அதற்குத்தான் அது. அந்த வயர் இல்லாமல் இரவில் பத்து அங்குலமும் பகல் வெளிச்சத்தில் எரியும், முன் கண்ணாடியில் அதன் பிம்பம் வேறு விழும். பதினான்கு மாதம் அதைச் செட்டின் குறை என்றே நினைத்து, கையால் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை விட்டுப்போனது நீல வயர். பொருத்தி வெளியே வந்ததும் ரேடியோவில் இரைச்சல். பக்கத்து ஸ்டேஷன்கூட எடுக்கவில்லை. பல கார்களில் ஏரியலின் அடியில் சிறு பூஸ்டர் இருக்கும், அதற்கு செட்டிலிருந்து 12 வோல்ட் போக வேண்டும். பழைய செட் அந்த மின்சாரத்தை ஏரியல் கேபிள் வழியாகவே அனுப்பியது. புதியதில் அதற்கென்று ஓர் அடாப்டர் போட்டு நீல வயரோடு சேர்க்க வேண்டும். திரும்பிப் போய்ச் சொன்னேன், பத்து நிமிடத்தில் சரியானது. பணம் கொடுக்கும் முன் ரேடியோவைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த அலைச்சலும் மிச்சம்.

கேமராவில் ஒன்றே ஒன்று. படத்தை அனுப்பும் முறை பழைய சிவிபிஎஸ் வகையா, கூர்மையான ஏஎச்டி வகையா என்று இரு பக்கமும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் படம் உருளும் அல்லது வரவே வராது. கேமராவுக்கு மின்சாரத்தை ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுப்பார்கள். சில கார்களில் அந்த மின்சாரம் துடிப்பாக வருவதால் படத்தில் கோடு கோடாக ஓடும், நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், போட்டால் நின்றுவிடும்.

பழைய தொழிற்சாலை செட்டையும் அதன் திருகுகளையும் ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும் அன்று வேண்டியிருக்கும். பத்து அங்குல செட் அதன் பக்கத்திலேயே இருக்கிறது, கேட்டவர் யாரும் இல்லை. போன் பேசும் மைக் மட்டும் இன்னும் தொல்லை. முன் தூணில் ஏர்பேக் இருப்பதால் அதன் மேல் வயரைக் கொண்டுபோக வேண்டாம் என்று ஸ்டியரிங் தண்டின் மேலேயே ஒட்டச் சொல்லிவிட்டேன். அது ஏசி வாய்க்கு நேர் எதிரே என்பதை யோசிக்கவில்லை. “புயலில் நிற்கிறாயா” என்று வீட்டிலிருந்து கேட்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நகர்த்திப் பார்க்க வேண்டும்.